வேண்டுதல் எங்கே நிறைவுறுகிறது?

இடுக்கி மாவட்டத்தின் ஏலமலையில், குமுளியிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் சக்குபள்ளம். ஏலமும் மிளகும் விளையும் அந்தப் பூமியில் மலையாளமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. அருகிலுள்ள செல்லார்கோவில் பகுதியில், மலை விளிம்பில் நின்று கிழக்கே நோக்கினால், தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம். பொழுது விடியும் முன்பே அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப்புகளில் புறப்பட்டு, மலையேறி வந்து, ஏலத்தோட்டங்களில் உழைத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளர்கள் இம்மலைப் பகுதியெங்கும் ஏராளம்.

அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து, தேனிக்குக் கிழக்கே சென்றால் வருவது ஆண்டிபட்டி. தமிழகத்தின் இரண்டு முதலமைச்சர்களைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி அது. ஒருவர் எம்.ஜி.ஆர், மற்றவர் ஜெயலலிதா. அரசியல் கருத்து எதுவாக இருப்பினும், ஒரு செய்தியை எவரும் மறுக்க இயலாது. இவ்விருவரும் கொடிய நோயுற்றுப் படுத்தபோது, எளிய மக்கள் தங்கள் வீட்டில் ஒருவர் படுத்திருப்பது போலவே துடித்தார்கள். அந்தத் துடிப்பில் தெய்வ பக்திக்கும் தலைவரிடம் கொண்ட அன்புக்கும் இடையே இருந்த கோடு மறைந்துபோயிற்று. அந்த அன்பு எதை நாடிற்று, எதைப் பெற்றது, எங்கே வழி தவறிற்று என்று சிந்திப்பது ஆன்மிக சாதகர்களுக்கும் பயன் தரும்.

இரண்டு நோய்கள், இரண்டு முடிவுகள்

எம்.ஜி.ஆரின் குடும்பம் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தது. அவர் பிறந்தது 1917-ல், இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில். வாழ்ந்ததும் உயர்ந்ததும் தமிழகத்தில். 1984 அக்டோபரில், முதலமைச்சராக இருந்த அவர் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்தன; பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்.

அந்த மாதங்களில் தமிழகம் முழுவதும் ஒரே பிரார்த்தனைக் கூடமாயிற்று. கோயில்களில் அர்ச்சனை, தேவாலயங்களில் ஜெபம், பள்ளிவாசல்களில் துஆ. 1968-ல் வெளிவந்த ‘ஒளி விளக்கு’ அவருடைய நூறாவது படம். அதில், உயிருக்குப் போராடும் நாயகனுக்காக ஒரு பெண் முருகனிடம் மன்றாடும் பாடல் உண்டு. கதைக்காக எழுதப்பட்ட அந்தப் பாடல், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஊர்தோறும் திரையரங்குகளில் மெய்யான வேண்டுதலாக ஒலித்தது. மக்கள் கைகூப்பிக் கண்ணீருடன் கேட்டார்கள். டிசம்பர் 19 அன்று அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. டிசம்பர் 24 அன்று நடந்த தேர்தலில், தொகுதிக்கு ஒருமுறைகூட வாராமலே ஆண்டிபட்டியில் வெற்றி பெற்றார். 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பி மீண்டும் முதலமைச்சரானார்.

ஏறத்தாழ 32 ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பர் 22 அன்று, முதலமைச்சர் ஜெயலலிதா அதே அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். மீண்டும் தமிழகம் கைகூப்பியது. பெண்கள் பால்குடம் எடுத்தனர், தீச்சட்டி ஏந்தினர், கோயில் தரையில் மண்சோறு உண்டனர். இம்முறையும் மதங்களின் வேற்றுமை மறைந்தது. எனினும் 75 நாட்களுக்குப் பின், டிசம்பர் 5 அன்று, அவர் மறைந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. 1984-ல் செவிசாய்த்த இறைவன் 2016-ல் ஏன் செவிசாய்க்கவில்லை? மண்சோறு உண்ட அந்தத் தாயின் பக்தியில் குறை ஏதும் இருந்ததா?

இறைவன் வணிகன் அல்லன்

குறை ஏதும் இல்லை. கேள்வியின் அடியில் மறைந்திருக்கும் ஒரு கருத்தே பிழையானது. இத்தனை விளக்கு, இத்தனை குடம் பால், இத்தனை உபவாசம் என்று தட்டில் வைத்தால், அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு ஆயுள் தரப்படும் என்பது அந்தக் கருத்து. கடைவீதியின் நியதியைக் கருவறைக்குள் கொண்டு செல்வது போன்றது அது. ‘பலித்தது’ என்று சொல்லும் மனமே அடுத்த முறை ‘பலிக்கவில்லை’ என்று இறைவனோடு வழக்காடவும் தொடங்கும்.

உடலெடுத்தவர் எவராயினும் உடலை விட்டாக வேண்டும். ஸ்ரீராமர் சரயு நதியில் இறங்கினார். ஸ்ரீகிருஷ்ணர் வேடன் எய்த அம்பை ஏற்றுக்கொண்டார். அவதார புருஷர்களே விதிவிலக்குக் கேட்காதபோது, தலைவர்களுக்காக அதை எதிர்பார்ப்பது முறையாகாது. 1984-ல் கிடைத்ததும் நிலையான வாழ்வு அன்று. மூன்று ஆண்டு அவகாசமே. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்து நாடு சிறப்பித்தது.

அப்படியாயின் பிரார்த்தனை வீணா? ஒருபோதும் இல்லை. தன் பிள்ளைக்காகவும் தன் வயலுக்காகவும் மட்டுமே நாள்தோறும் வேண்டிவந்த ஒருவர், முதன்முதலாகத் தன் இரத்த உறவு அல்லாத ஒருவருக்காகக் கண்ணீர் வடிக்கிறார். ‘என்னுடையது’ என்ற சிறு வட்டம் அந்தக் கணத்தில் சற்று விரிகிறது. அகந்தையின் சுவரில் ஒரு கல் பெயர்கிறது. படுக்கையில் இருப்பவருக்குக் கிடைப்பது இறைவன் திருவுள்ளம். வேண்டியவருக்குக் கிடைப்பது இந்த விரிவு. அது உடனே, உறுதியாகக் கிடைக்கிறது. அந்த விரிவு அத்துடன் நின்றுவிடுமா, மேலும் வளருமா என்பதே சாதகர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

உயிரை ஈடாக வைப்பது பக்தியா?

1984-ன் நினைவுகளில் வேதனை தரும் ஒரு பகுதியும் உண்டு. தலைவருக்காகத் தங்கள் உடலைச் சிதைத்துக்கொண்டவர்கள் இருந்தனர். உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தனர். ‘என் உயிரை எடுத்துக்கொண்டு அவர் உயிரைக் கொடு’ என்ற வேண்டுதல் சிலர் வாயில் சொல்லாக நில்லாமல் செயலாகிவிட்டது. அவர்களைப் பழிப்பது யாருக்கும் அழகன்று. அவர்கள் அன்பு மெய்யானது. ஆனால் அந்த அன்புக்கு வழிகாட்ட அருகே ஒருவரும் இல்லாமற் போயினர்.

நம் சாஸ்திரங்கள் இதை ஒருபோதும் ஏற்றதில்லை. உயிர் இறைவன் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதைத் தன் உடைமையாகக் கருதிப் பண்டமாற்றுச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. அப்படி மாய்ந்தவரின் குடும்பம் தெருவில் நின்றதே தவிர, தொலைதூர மருத்துவமனையில் கிடந்த நோயாளிக்கு ஒரு மூச்சும் கூடவில்லை.

சாவித்திரியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. கணவன் சத்தியவானின் உயிரை யமன் கொண்டு போகிறான். அவள் தன்னை மாய்த்துக்கொள்ளவில்லை. யமன் பின்னே நடந்தாள், தர்மத்தைப் பேசினாள். யமன் மனம் கனிந்து, கணவன் உயிர் நீங்கலாக எதையேனும் கேள் என்றபோது, அவள் முதலில் கேட்டது என்ன? பார்வையிழந்த மாமனாருக்குக் கண்ணொளி. அடுத்து அவர் இழந்த அரசு. பிறகு பிள்ளையில்லாத தன் தந்தைக்கு மக்கட்பேறு. துயரத்தின் உச்சியிலும் அவள் நெஞ்சில் மற்றவர்களுக்கு இடம் இருந்தது. அந்த விரிந்த நெஞ்சே இறுதியில் சத்தியவானையும் மீட்டது. துயரம் ஒருவரை மாய்த்துக்கொள்ளத் தூண்டினால் அது மோகம்; மற்றவர் துயரைத் துடைக்கத் தூண்டினால் அது பக்தி.

தாங்க இயலாத துயரம் நெஞ்சை அழுத்தும்போது தனித்திருத்தல் கூடாது. வீட்டாரிடமோ நண்பரிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்து பேச வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது பலவீனம் அன்று. ஒப்படைக்கப்பட்ட உயிரைக் காக்கும் கடமையே அது.

மருந்தின் நான்கு அங்கங்கள்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தின் நான்கு அங்கங்களை வள்ளுவர் எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். சரக சம்ஹிதையும் இந்த நான்கையே மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறது. வாயிலில் திரண்டு நிற்கும் கூட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. அன்பு பட்டியலுக்குள் வர வேண்டுமானால், அது ஏதேனும் ஒரு பணியாக மாற வேண்டும்.

வால்மீகி ராமாயணத்தில் இந்த நான்கும் ஒரே காட்சியில் கூடுகின்றன. ராவணன் எறிந்த சக்தி ஆயுதத்தால் லட்சுமணன் வீழ்கிறான். தம்பியைக் கண்டு ஸ்ரீராமர் கலங்குகிறார். போரும் வேண்டாம், உயிரும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். தலைவரே கலங்கினால் சேனை என்ன செய்யும்? அப்போது சுஷேணன் என்ற மருத்துவ வானரன் நோயாளியை நிதானமாக ஆராய்கிறான். முகத்தின் களை மாறவில்லை, உயிர் இருக்கிறது என்று தேற்றுகிறான். பிறகு அனுமனை அழைத்து, இன்ன மலையில் இன்ன மூலிகைகள் உள்ளன, கொண்டு வா என்கிறான்.

அனுமனைவிட ஸ்ரீராமரிடம் அன்பு கொண்டவர் யார்? அவருக்கும் கண்ணீர் வந்திருக்கும். ஆனால் அழுவதற்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை. மருத்துவர் சொன்ன திசையில் பறந்தார். மூலிகையை இனம் காண இயலாதபோது, மருந்தே தெரியவில்லை என்று வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. சிகரத்தையே பெயர்த்துக் கொண்டு வந்தார். அடையாளம் கண்டு அரைத்துக் கொடுக்கும் வேலையைச் சுஷேணனுக்கு விட்டுவிட்டார். தன் பணி எது, மருத்துவர் பணி எது என்று அறிந்திருந்த பக்தி அது.

1984-லும் ஒரு சஞ்சீவி தேவைப்பட்டது. அதை அளித்தவர் எம்.ஜி.ஆரின் அண்ணன் எம்.ஜி.சக்ரபாணியின் மகள் லீலாவதி. தம் சிறுநீரகங்களில் ஒன்றைச் சிற்றப்பாவுக்குத் தந்தார். அவர் மறைந்தது 2021-ல். அதாவது, கொடுத்த பின்பும் ஏறத்தாழ 37 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த ஒரு செய்தியை அன்பர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும். தம்மை மாய்த்துக்கொண்டவர்களின் தியாகத்தில் ஓர் உயிர் குறைந்தது. எந்த உயிரும் காக்கப்படவில்லை. லீலாவதியின் தியாகத்தில் பெற்றவரும் வாழ்ந்தார், கொடுத்தவரும் வாழ்ந்தார். இறைவன் விரும்பும் தியாகம் எவ்வகையது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

எழுந்த தலைவர் கேட்டது என்ன?

நோயிலிருந்து மீண்ட தலைவர் தம்மை நேசித்த மக்களிடம் எதை எதிர்பார்ப்பார்? இதற்கு விடை மகாத்மா காந்தியின் வாழ்வில் கிடைக்கிறது.

1922 முதல் எரவாடா சிறையில் ஆறாண்டுத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்த காந்திஜிக்கு, 1924 ஜனவரியில் கடுமையான குடல்வால் அழற்சி ஏற்பட்டது. பூனாவிலுள்ள சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டார். ஜனவரி 12 இரவு, அறுவை சிகிச்சைக்கு முன் அவருடைய சம்மதப் பத்திரம் எழுதப்பட்டபோது உடனிருந்தவர்களில் ஒருவர், அன்றைய தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.ஸ்ரீநிவாச சாஸ்திரியார். கத்தியை எடுத்தவர் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேயர். எந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அந்த அரசின் மருத்துவரிடமே காந்திஜி தம் உடலை ஒப்படைத்தார். சிகிச்சை நடுவே மின்விளக்கு அணைந்தது. இறுதியில் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் பணி முடிக்கப்பட்டது.

செய்தி அறிந்து பாரத நாடே கவலையில் ஆழ்ந்தது; நலம் வேண்டிப் பிரார்த்தித்தது. பிப்ரவரி 5 அன்று அரசு அவரை நிபந்தனையின்றி விடுதலை செய்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். காந்திஜி மகிழவில்லை. அப்போதைய காங்கிரஸ் தலைவர் மௌலானா முகமது அலிக்கு எழுதிய கடிதத்தில், நோயைக் காரணமாகக் கொண்டு கிடைத்த விடுதலை தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று தெரிவித்தார். தம் உடல்நலத்தைப் பற்றிய பேச்சோடு நிறுத்தாமல், நாட்டின் சமயத்தாரிடையே ஒற்றுமை வேண்டும், இராட்டை சுழல வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும் என்று பணிகளை நினைவூட்டினார்.

லட்சுமணன் செய்ததும் இதுவே. மூலிகையால் கண் விழித்ததும், நீ இன்றி எனக்கு வெற்றி எதற்கு என்று ஸ்ரீராமர் உருகுகிறார். பலவீனம் தீராத குரலில் தம்பி சொல்வது, செய்த சபதத்தை நிறைவேற்றுங்கள் என்பதுதான். அன்பு செய்தவர் உடலைப் பார்க்கிறார். அன்பு செய்யப்பட்டவர் பணியைப் பார்க்கிறார். தலைவரின் உடல் ஒருநாள் விழும். அவர் பசித்தவருக்கு உணவிட்டவராயின், அந்தப் பணி விழாமல் காப்பதே அவருக்கு நீண்ட ஆயுளை வேண்டுவதாகும். பணியை மறந்து படத்துக்கு மட்டும் மாலை சூட்டினால், அவர் இரண்டாம் முறை மறைகிறார்.

பெயர் அறியாத நோயாளி

மலைக்குத் திரும்புவோம். ஏலத்தோட்டத்தில் கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்மணி நோயுறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்காகத் திரையரங்கில் பாட்டு ஒலிப்பதில்லை. மருத்துவமனை வாயிலில் கூட்டம் கூடுவதில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமானால், ஒருபுறம் கோட்டயத்துக்கு மலைப்பாதை. மறுபுறம் தேனிக்குக் கணவாய் இறக்கம். உடன் செல்ல ஒருவர் கிடைப்பதே அரிது. தலைவருக்குள் உறையும் நாராயணனும் இந்தப் பெண்மணிக்குள் உறையும் நாராயணனும் வேறு வேறா?

தலைவரின் நோயில் விழித்த அன்பு, அடுத்த வீட்டு நோயாளியின் திண்ணை வரை நடந்து வந்தால், அந்த வேண்டுதல் வளர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. டயாலிசிஸுக்குச் செல்பவருடன் ஒருநாள் துணைக்குச் செல்லலாம். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று சோறு போடலாம். 18 வயது நிறைந்து, 65 வயதைக் கடவாத, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர், மருத்துவர் தகுதியுடையவர் என்று கூறினால் ரத்ததானம் செய்யலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் தரலாம். தலைவரின் பிறந்தநாளில் தீச்சட்டி ஏந்தும் கை, அன்று ஒரு குப்பி ரத்தமும் தரலாமே!

உறுப்பு தானமும் இன்று முன்போல் எட்டாததாக இல்லை. 1984-ல் இதற்கென்று நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது 1994-ல். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று மற்றவர்களை வாழவைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-ல் தொடங்கியது. அவ்வாறு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-ல் அறிவித்தது. கேரளத்தில் இதே பணி 2012-ல் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் ‘மிருதசஞ்சீவனி’. அனுமன் சுமந்து வந்த அந்த மருந்தின் நினைவு, மலைக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் மக்களுக்கு இப்படி மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ‘நான் இறந்தபின் என் உறுப்புகளைக் கொடுங்கள்’ என்று இன்றே வீட்டாரிடம் சொல்லி வைப்பவர், சிகரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டவர் ஆகிறார்.

இனியும் தலைவர்கள் நோயுறுவார்கள். மக்கள் கைகூப்புவார்கள். கூப்பட்டும், அது இந்த மண்ணின் இயல்பு. விளக்கேற்றட்டும், விரதமிருக்கட்டும். மருத்துவமனை வாயிலில் கூடினால், மற்ற நோயாளிகளின் வாகனத்துக்கு வழிவிட்டு, ஓசையின்றி நிற்கட்டும். வதந்தியைப் பரப்பாமல் இறைநாமத்தைச் சொல்லட்டும். பிரார்த்தனை முடிந்து எழும்போது, இன்று எவருக்காவது பயன்பட்டேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். தலைவர் பிழைத்து எழுந்தால் அந்தப் பணி நன்றிக் காணிக்கையாகும். மறைந்தால் அதுவே அஞ்சலியாகும். இரண்டிலும் வேண்டுதல் வீணாகாது.

எல்லோருடைய நோயும் தீருமாறு வேண்டும் நெஞ்சையும், ஒருவருடைய நோயையேனும் துடைக்க நீளும் கையையும் இறைவன் அனைவருக்கும் அருள்வாராக!